என் அக்கா வீட்டுக்கு வந்த மிஷன் குழு

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, காபி வாங்கலாம் என்று சபைக் கூடத்துக்குப் போனால், என் அக்கா சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

பதற வேண்டாம். நம் ஊரில் ஒருவர் படத்தைப் பெரிதாகச் சுவரில் மாட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். அக்கா உயிரோடுதான் இருக்கிறாள். கொரட்டூரில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி, சொந்த வீட்டில். ஒஹையோவில் எங்கள் சபைச் சுவரில் தொங்குவது அவளுடைய ஆளுயரப் படம். கண்களை மூடி, கைகளைக் கூப்பி, கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரோடு நிற்கிறாள். தோளில் ஒரு வெள்ளைக்காரக் கை. கீழே பெரிய எழுத்தில், வாருங்கள், ஒரு வாழ்க்கையை மாற்றுங்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், எவ்வளவு கஷ்டப்பட்ட முகம் பாருங்கள் என்றார். கொரட்டூருக்குப் பக்கத்தில் பாடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, பில் சரியில்லை என்று லாரி டிரைவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே ஓய்வு பெற்ற முகம் அது. மற்றவர்களைக் கஷ்டப்படுத்திய முகம் என்றால் ஒத்துக்கொண்டிருப்பேன். அவரிடம் தலையை ஆட்டிவிட்டு, படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு, காபியோடு வெளியே வந்தேன். கார் கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் கோபமே வந்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே பல சபைகளில் கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளைப் பத்து நாள் ஏதாவது ஒரு ஏழை நாட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஊழியம் என்று பெயர். பிள்ளைகள் கேக் விற்று, கார் கழுவி, பயணச் செலவு திரட்டுவார்கள். போய் வந்ததும் மேடையேறி, அந்த மக்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் அதிகம் என்பார்கள். இதை எந்த நாட்டுக்குப் போனாலும் சொல்லலாம். பிறகு அதையே கல்லூரி விண்ணப்பத்தில் கட்டுரையாக எழுதுவார்கள். பயணத்தின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு, என் கண்ணில் பட்டவரை, முதல் பயன் இதுதான்.

போன வருஷம் எந்த ஊருக்குப் போவது என்ற பேச்சு வந்தது. இளைஞர்களுக்குப் பொறுப்பான கிரெக் என்னைக் கூப்பிட்டு, நீங்கள் எந்த ஊர் என்றார். சென்னையின் மேற்குப் பக்கம், அம்பத்தூர் வட்டாரம் என்றேன். அங்கே சுவிசேஷத்துக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்டார். என்ன சொல்வது? எங்கள் தெருவில் மட்டும் மூன்று சபைகள். ஞாயிறு காலையில் மூன்று ஒலிபெருக்கிகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாடும். அப்போஸ்தலர் தோமாவே வந்துபோனதாக நாம் சொல்லிக்கொள்ளும் ஊர். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இருக்கிறது என்றேன்.

காரணம் என் மகள் ஹன்னா. அந்தக் குழுவில் அவளும் பெயர் கொடுத்திருந்தாள்.

ஹன்னாவை நாலு வயதில் கொரட்டூருக்கு அழைத்துப் போனோம். ஒரு மாதம் முழுக்க அவள் அத்தையின் முந்தானையை விடவில்லை. இருட்டுக்குப் பயந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதன் பிறகு வரவில்லை. ஒரு வருஷம் நீச்சல் முகாம், ஒரு வருஷம் வயலின், ஒரு வருஷம் தோழியின் பிறந்தநாள். நான் மட்டும் போய் வருவேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருப்பது இந்த ஒரு பிள்ளைதான். அக்காவையே இங்கே வரவழைக்கலாம் என்று விசாவுக்கு விண்ணப்பித்தோம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஊருக்குத் திரும்பிப் போவீர்கள் என்று எப்படி நம்புவது என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏரி வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவள், ஒஹையோவில் ஒளிந்து வாழப் போகிறாளாம்.

ஆக, அத்தையைப் பார்க்க வராத பெண், அந்நிய ஜனங்களுக்கு ஊழியம் செய்ய அம்பத்தூருக்கு வரத் தயார். அப்படியாவது வரட்டும் என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பாளராக நானும் பெயர் கொடுத்தேன்.

3

புறப்படுவதற்கு முன் சில சனிக்கிழமைகள் பயிற்சி வைத்தார்கள். இந்தியாவைப் பற்றி ஓர் அம்மாள் பாடம் நடத்தினார். இடது கையால் எதையும் கொடுக்காதீர்கள், குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், தலையை ஆட்டினால் ஆம் என்றும் இருக்கலாம் இல்லை என்றும் இருக்கலாம். கொரட்டூரில் பிறந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் பிடித்துப் பிழைத்த நானும் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அங்கே உள்ளவர்களுக்கு ஒன்றுமே கிடையாது, ஆனாலும் எப்போதும் சந்தோஷமாக இருப்பார்கள் என்று அந்த அம்மாள் முடித்தார். எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. அவளுக்கு எல்லாம் இருக்கிறது. சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது குறைவு.

விசா விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வந்தது. இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயரும் முகவரியும் வேண்டும். குழுவில் யாருக்கும் இந்தியாவில் யாரையும் தெரியாது. கிரெக் என்னைப் பார்த்தார். நான் அக்காவின் பெயரைக் கொடுத்தேன். எல்லோருடைய விண்ணப்பத்திலும் அதே பெயர், அதே கொரட்டூர் முகவரி. விஷயத்தை அக்காவிடம் போனில் சொன்னேன்.

“இன்னாடா, மூஞ்சியே பாக்காத இத்தினி பேருக்கு நான் ஜாமீனா?” என்றாள். பிறகு, “அன்னாளும் அதுல கீறாளா?” என்று கேட்டாள். தமிழ் பைபிளில் ஹன்னாவுக்கு அன்னாள் என்றுதான் பெயர். அக்கா அப்படித்தான் கூப்பிடுவாள். இருக்கிறாள் என்றேன். அப்போ சரி என்று சொல்லிவிட்டாள்.

4

குழு வந்து இறங்கியது. அண்ணா நகரில் ஓட்டல். தினமும் காலையில் வேனில் பாடி மேம்பாலத்தடியில் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று அம்பத்தூர் வந்து சேர்வோம். எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன். முதல் நாள் டீக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னா அண்ணாத்தே, கேஸ் பைப் போடுற கம்பெனியா? எங்க லைன் எப்போ வரும்?” என்று விசாரித்தார்.

உள்ளூர் சபையின் பாஸ்டர் மோசஸ் நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட. வந்தவர்கள் ஊழியம் செய்ய வேண்டும், ஆனால் எதுவும் கெட்டுப்போகக் கூடாது. இரண்டையும் அவர் பார்த்துக்கொண்டார். குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிக்கு, ஏற்கெனவே ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளாகப் பார்த்து அழைத்திருந்தார். ஒரு சிறுமி, கிரெக்கின் பொம்மலாட்டக் கதையில் நோவாவின் மகன் ஒருவன் விட்டுப்போனதை எழுந்து நின்று சொன்னாள். சபைப் பெண்கள் வேலைக்கு லீவு போட்டு, மிளகாயில்லாத சாம்பார் வைத்தார்கள். அவர்கள் வாழ்நாளில் செய்த பெரிய தியாகம் அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும் வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வெயிலில் பொன்னாடையோடு சிவந்துபோய் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கால் கழுவும் ஆராதனை ஒன்றும் நடந்தது. இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதுபோல், அமெரிக்கப் பிள்ளைகள் உள்ளூர் ஏழைகளின் கால்களைக் கழுவ வேண்டும் என்பது கிரெக்கின் ஆசை. பிளாஸ்டிக் பேசின்களோடு பிள்ளைகள் முழந்தாளிட்டார்கள். கழுவக் கழுவத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த குதிகால்கள். பிறகு விசாரித்தேன். முந்தின நாளே சபையில் சொல்லி, எல்லோரும் வீட்டில் நுரைக்கல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். தூர தேசத்துப் பிள்ளைங்க, கையில் அழுக்கு ஒட்டினால் நமக்குத்தானே அசிங்கம் என்றார் ஒரு பெண். ஹன்னா அன்று மாலை வேனில், இவ்வளவு தாழ்மையை நான் உணர்ந்ததே இல்லை என்று தோழியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். யாருடைய தாழ்மை என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

5

கடைசிக்கு முந்தின நாள் வீடு சந்திப்பு. தேவையுள்ள குடும்பங்களுக்காக அவர்கள் வீட்டிலேயே போய் ஜெபிப்பது. தேவையுள்ள வீட்டைத் தேர்ந்தெடுக்க பாஸ்டர் மோசஸுக்குச் சில கணக்குகள் இருந்தன. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்க வேண்டும், நாய் இருக்கக் கூடாது, காரமான எதையும் வாயில் திணிக்காத வீட்டுக்காரி வேண்டும். ஏசி இருந்தால் உத்தமம். இத்தனையும் பொருந்திய ஏழை வீடு என்று தேடித் தேடி, அவர் என் அக்கா வீட்டில் வந்து நின்றார்.

நான் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். அக்கா காலையிலிருந்து ஏசியைப் போட்டு வைத்திருந்தாள். கேசரியும் காபியும் தண்ணீர் பாட்டில்களும் தயார். என் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். கட்டிலில் புதுப் போர்வை, புதுத் தலையணை உறை. சுவர் பிளக்கில் ஒரு சின்ன விளக்கு, இருட்டில் எரிவது.

“இப்பவும் இருட்டுன்னா பயப்படுவாளா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என் மகளைப் பற்றி அது எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

குழு உள்ளே வந்தது. ஹன்னா அத்தையைக் கட்டிப்பிடித்தாள். கிரெக்கையும் தோழிகளையும் கட்டிப்பிடிப்பது போலவே, பக்கவாட்டில், முதுகில் இரண்டு தட்டு. எல்லோரும் உட்கார்ந்ததும், உங்களுக்காக எதைக் குறித்து ஜெபிக்கட்டும் என்று கிரெக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ஜெப விண்ணப்பம் என்றால் என்ன என்று தெரியும். விருந்தாளியிடம் நேராக ஒன்றைக் கேட்டால் அவருக்குச் சங்கடம், நமக்கு மரியாதைக் குறைவு. அதனால் அதைக் கர்த்தரிடம் கேட்போம், விருந்தாளி காதில் விழும்படி. மகனுக்கு வேலை வேண்டும் என்று மேனேஜர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஜெபிக்கச் சொல்வோம். கூடவே ஆமென் சொல்கிறவருக்கு அதில் பொறுப்பு வந்துவிடும். யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அக்கா கிரெக்கைப் பார்க்கவில்லை. ஹன்னாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“என் தம்பி பொண்ணு என் ஊட்ல ஒரு ராத்திரி தங்கணும். அதுக்கு ஜெபம் பண்ணச் சொல்லுடா.”

வார்த்தை பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். கிரெக்கின் கண்கள் கலங்கிவிட்டன. எழுந்து வந்து அக்காவின் தோளில் கை வைத்து, நெடுநேரம் உருக்கமாக ஜெபித்தார். கர்த்தாவே, கதவுகளைத் திறவும், தடைகளை நீக்கும் என்றார். அக்காவின் கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. யாரோ படம் எடுத்தார்கள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஹன்னாவும் சொன்னாள்.

கண்ணைத் திறந்த கிரெக் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வீடு இருந்தது.

நான் விடவில்லை. பிரதர், நீங்கள் திறக்கச் சொன்ன கதவு இதுதான், திறந்தே இருக்கிறது, ஹன்னா இன்று இங்கே தங்கட்டும் என்றேன். அவர் மிகவும் வருத்தப்பட்டார். பிள்ளைகள் பாதுகாப்புக்கு சபையில் ஒரு விதி உண்டாம். பின்னணிச் சோதனை செய்யப்படாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பிள்ளைகள் இரவு தங்கக் கூடாது. குழு முழுமைக்கும் இந்திய அரசாங்கத்திடம் ஜாமீன் நின்றவள், ஒரு பிள்ளையை ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளத் தகுதியில்லாதவள். ஹன்னாவின் தகப்பன் நான்தான் என்றேன். அது சரிதான், ஹன்னாவே முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்.

ஹன்னா தோழிகளைப் பார்த்தாள். தான் மட்டும் தனியாகத் தங்கினால் மற்றவர்களுக்கு நியாயமாக இருக்காது, மாலையில் ஓட்டலில் குழு ஜெபம் இருக்கிறது, தான் குழுவோடு வந்தவள் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். இதை நான் அக்காவுக்கு மொழிபெயர்க்க வேண்டும்.

அக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. “புரிஞ்சிச்சி. காபி ஆறுது, குடிக்கச் சொல்லு,” என்றாள்.

வேன் வரை வந்தாள். எல்லோரும் ஏறிய பிறகு என் சட்டையைப் பிடித்து, பின்னணிச் சோதனை என்றால் என்ன என்று விசாரித்தாள். ஆள் மேல் கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று போலீசில் பார்ப்பார்கள், அவ்வளவுதான் என்றேன். ஓ என்றாள்.

6

திரும்பி வந்ததும் சாட்சிக் கூட்டம். ஒவ்வொருவரும் மேடையில் சில நிமிஷம். ஹன்னா நன்றாகப் பேசினாள். ஏரிக்கரையில் ஒரு சின்ன வீட்டில் ஒரு பெண்மணி, ஒன்றுமே இல்லாதவர், எங்களுக்குத் தன்னிடம் இருந்ததையெல்லாம் பரிமாறினார், நாங்கள் ஜெபித்தபோது அழுதார், அந்தக் கண்ணீர் என்னை மாற்றிவிட்டது என்று சொல்லித் தானும் அழுதாள். திரையில் அக்கா. கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். அது என் அத்தை என்று ஹன்னா சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், ஏன் சொல்லவில்லை என்று என் மனைவி கேட்டாள். சொன்னால் கதை சிக்கலாகிவிடும் அம்மா என்றாள்.

அவள் மாறவே இல்லை என்று சொன்னால் அநியாயம். சில வாரம் விலை உயர்ந்த காபியை விட்டுவிட்டாள். கையால் சாப்பிட்டாள். ஊரில் அத்தை என்னை டேய் என்று கூப்பிட்டதை நினைத்து நினைத்துச் சிரித்தாள். பிறகு காபியும் ஸ்பூனும் திரும்பி வந்தன. இந்த வருஷமும் போவதாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். அந்த மக்களுக்கு நாம் தேவை என்கிறாள். இதையும் நான் அக்காவிடம் சொல்லியிருந்தேன், பின் பாதியை விட்டுவிட்டு.

7

ஆக, போன ஞாயிறு. சுவரில் தொங்கிய படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். இங்கே சாயங்காலம், அங்கே திங்கள் விடியல். சாப்பாட்டு மேசையில் நானும் ஹன்னாவும் உட்கார்ந்திருந்தபோது அக்கா கூப்பிட்டாள்.

“படம் நல்லாத்தான் கீது. தோள்ல யாரு கைன்னு போட்டாங்களா? நான் யாருன்னு போட்டாங்களா?” என்றாள். இல்லை என்றேன். “சரி வுடு. நீ ஒரு படம் அனுப்புன, நானும் ஒண்ணு அனுப்பிகீறேன், பாரு.”

பார்த்தேன். காவல் துறை முத்திரை போட்ட நற்சான்று. ஆங்கிலத்தில் இருந்தது. மேற்படி முகவரியில் வசிக்கும் இந்தப் பெண்மணி மீது வழக்கு எதுவும் இல்லை, நடத்தை பற்றிப் பாதகமான தகவல் எதுவும் இல்லை.

கதையை அக்கா சொன்னாள். ஹன்னா மறுபடி வருகிறாள் என்று கேட்ட மறுநாளே பிரவுசிங் சென்டருக்குப் போய் விண்ணப்பித்திருக்கிறாள். ஸ்டேஷனிலிருந்து ஓர் ஏட்டு விசாரணைக்கு வீடு தேடி வந்தாராம். வெளிநாட்டு வேலைக்கா, இந்த வயசிலா என்று கேட்டாராம். இல்லீங்க சார், என் தம்பி பொண்ணு என் ஊட்ல ஒரு ராத்திரி படுக்கணும், அதுக்கு என்றாளாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம்.

“நான் நல்லவதான்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டான்டா. உங்க கிரெக்காண்ட காட்டு,” என்றாள் அக்கா.

நான் கிரெக்கிடம் காட்டவில்லை. கைபேசியை மேசை மேல் ஹன்னாவின் பக்கம் தள்ளினேன். அவள் படித்தாள். இது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி படித்தாள். இதை எனக்காகவா வாங்கினாங்க என்றாள். பிறகு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். மேடையில் சாட்சி சொன்னபோது அழுதது போல இல்லை, சத்தமே வரவில்லை. எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. ஹன்னா கைபேசியை எடுத்தாள். நான் மொழிபெயர்க்க வாய் திறந்தேன், கையால் தடுத்துவிட்டாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துத் தமிழில் சொன்னாள்.

“அத்தை. நான் உங்க வீட்ல தூங்க வரேன். குழு இல்ல. நான் மட்டும்.”

அந்தப் பக்கம் அம்பத்தூர் போகும் மின்சார ரயிலின் ஹாரன் கேட்டது. பிறகு அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, ஸ்டோர்ஸில் லாரி டிரைவர்களிடம் பேசும் அந்தப் பழைய குரலில் சொன்னாள்.

“வா கண்ணு. ஆனா நீயும் போலீஸ் சர்ட்டிபிகேட் எடுத்துகினு வா. உன்னப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?”

ஹன்னாவுக்குப் பாதிதான் புரிந்தது. என்னைப் பார்த்தாள். வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே, இந்த ஊர்ப் போலீஸ் அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டாள்.